பாமிர் நெடுஞ்சாலையில் சைக்கிள்: மூன்று இளைஞர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "நாங்கள் மூன்று நண்பர்கள், 22 முதல் 24 வயது. மணாலியிலிருந்து லே வரை சைக்கிளில் போயிருக்கிறோம். அடுத்த ஆண்டு ஜூலையில் தஜிகிஸ்தானின் துஷான்பேயில் தொடங்கி, பாமிர் நெடுஞ்சாலை வழியாகக் கிர்கிஸ்தானின் ஓஷ் வரை போக ஆசை. 2018-இல் அங்கே சைக்கிள் பயணிகளைக் கொன்றார்கள் என்று படித்ததிலிருந்து வீட்டில் பயப்படுகிறார்கள். அது போர் நடக்கும் இடமா? நாங்கள் போகலாமா?"

தம்பி, போகலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தைத் திருப்பிப் போடச் சொல்வேன். ஓஷில் தொடங்குங்கள், துஷான்பேயை நோக்கி வாருங்கள். கடைசி 500, 600 கிலோமீட்டரைச் சைக்கிளில் கடப்பதா, ஜீப்பில் கடப்பதா, கடக்காமலே திரும்புவதா என்பதைப் பாமிரின் முக்கிய நகரமான கோரோக்குக்கு வந்தபின் முடிவு செய்யுங்கள். அந்த முடிவை இப்போதே ஊரில் உட்கார்ந்து எடுக்காதீர்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். அந்தச் சாலையில் ஓட்டியிருக்கிறேன், அந்த மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் அங்கே என்ன மோதல் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மோதல் அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல. சோவியத் ஒன்றியம் உடைந்த கையோடு தஜிகிஸ்தானில் 1992 முதல் 1997 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. பல்லாயிரம் பேர் செத்தார்கள். பாமிர் மலைப்பகுதி, அதாவது கோர்னோ-பதக்‌ஷான் தன்னாட்சிப் பகுதி, தோற்ற தரப்பின் பக்கம் நின்றது. நாட்டின் நிலப்பரப்பில் கிட்டத்தட்ட 45 சதவீதம் அந்தப் பகுதிதான், ஆனால் மக்கள் சுமார் இரண்டேகால் லட்சம் பேர்தான். அவர்களில் பெரும்பாலோர் இஸ்மாயிலி ஷியாக்கள், ஆகா கானைத் தங்கள் மதத் தலைவராகப் பின்பற்றுகிறவர்கள். வீட்டில் ஷுக்னி, ருஷானி, வாகி போன்ற மொழிகளைப் பேசுகிறவர்கள். நாட்டின் பெரும்பான்மையினர் சன்னி முஸ்லிம்கள், தஜிக் மொழி பேசுகிறவர்கள். போர் முடிந்த பிறகும் தலைநகர் துஷான்பேக்கும் பாமிருக்கும் இடையே நம்பிக்கை வளரவில்லை.

2012 ஜூலையில் அந்தப் பகுதியின் பாதுகாப்புத் துறைத் தலைவர் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து ராணுவம் கோரோக்குக்குள் இறங்கியது. தொலைபேசி, இணையம் எல்லாம் துண்டிக்கப்பட்டன, அப்போது ஊருக்குள் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 2014-இல் மறுபடி மோதல். 2021 நவம்பரில் ஓர் உள்ளூர் இளைஞர் பாதுகாப்புப் படையால் கொல்லப்பட, மக்கள் நாள்கணக்கில் கோரோக் சதுக்கத்தில் கூடி நின்றார்கள். அதன்பின் மாதக்கணக்கில் இணையம் இல்லை. 2022 மே மாதம் கோரோக்கிலும் ருஷான் மாவட்டத்திலும் அரசு நடத்திய நடவடிக்கையில் பல பத்துப் பேர் இறந்தார்கள். இத்தனையிலும் வெளிநாட்டுப் பயணிகள் குறி வைக்கப்படவில்லை. அது அரசுக்கும் அந்த மக்களுக்கும் இடையிலான பிரச்சினை. நீங்கள் அங்கே போனால் அதன் நடுவில்தான் சைக்கிள் ஓட்டுவீர்கள், அவ்வளவுதான்.

இப்போது 2018-க்கு வருகிறேன். உங்கள் வீட்டார் கேட்பது அதைப் பற்றித்தான். அந்த ஆண்டைத் தஜிகிஸ்தான் அரசு சுற்றுலா ஆண்டு என்று அறிவித்திருந்தது. ஜூலை 29 அன்று தங்காரா மாவட்டத்தில் ஏழு வெளிநாட்டவர் சேர்ந்து சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு கார் அவர்கள்மேல் மோதியது. பிறகு காரில் இருந்தவர்கள் இறங்கிவந்து கத்தியால் தாக்கினார்கள். இரண்டு அமெரிக்கர்கள், ஒரு டச்சுக்காரர், ஒரு சுவிஸ்காரர் என நான்கு பேர் இறந்தார்கள். அந்த அமெரிக்க ஜோடிக்கு 29 வயது. வேலையை விட்டுவிட்டு, முந்தைய ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பயணத்தைத் தொடங்கியவர்கள். ஐஎஸ் அமைப்பு பொறுப்பேற்றது, தாக்கியவர்கள் உறுதிமொழி எடுக்கும் காணொளியையும் வெளியிட்டது. அரசோ, தடை செய்யப்பட்ட ஓர் எதிர்க்கட்சியைக் குற்றம் சாட்டியது. அந்தக் கட்சி மறுத்தது.

இதில் பலரும் கவனிக்காதது, அந்த இடம். தங்காரா பாமிரில் இல்லை. துஷான்பேக்குத் தென்கிழக்கே, குலோப் போகும் நல்ல தார்ச்சாலையில், வயல்களும் ஊர்களும் உள்ள சமவெளிப் பக்கம் இருக்கிறது. நாட்டின் அதிபர் பிறந்த மாவட்டமே அதுதான். இறந்தவர்கள் பாமிரின் கடினமான கணவாய்களையும் ஆப்கானிஸ்தான் எல்லையையும் கடந்து, தலைநகரை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள். வரைபடத்தில் சிவப்பாகக் காட்டியிருந்த இடம் அவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆகவே "அபாயப் பகுதியைத் தவிர்த்தால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதேபோல, அந்த ஒரு சம்பவத்தை வைத்து பாமிர் மக்களைச் சந்தேகிப்பதும் தவறு. அதற்கும் அவர்களுக்கும் தொடர்பு இல்லை.

அதற்குப் பிறகு நிலைமை ஒரு விஷயத்தில் மாறியிருக்கிறது. துஷான்பேயிலிருந்து கலாய்கும் வந்துவிட்டால், அங்கிருந்து கோரோக் வரை சுமார் 240 கிலோமீட்டருக்குச் சாலை பாஞ்ச் ஆற்றை ஒட்டியே போகிறது. ஆற்றுக்கு அந்தக் கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் கல்லெறி தூரம்தான், அந்தப் பக்கம் கழுதை ஓட்டிப் போகிறவர் முகம்கூடத் தெரியும். பல ஆண்டுகளாகச் சைக்கிள் பயணிகள் அந்தக் கரையில் இருப்பவர்களுக்குக் கையசைத்துக்கொண்டே கடந்திருக்கிறார்கள். ஆனால் 2025 நவம்பர் கடைசியில், சில நாள் இடைவெளியில், ஆப்கான் மண்ணிலிருந்து இரண்டு தாக்குதல்கள் நடந்தன. ஒன்று ஷம்சித்தின் ஷோகின் மாவட்டத்தில், மற்றொன்று தர்வோஸில். ஐந்து சீனத் தொழிலாளர்கள் இறந்தார்கள். முதல் தாக்குதலில் ட்ரோனும் பயன்படுத்தப்பட்டது. தர்வோஸ் மாவட்டத்தின் முக்கிய ஊர்தான் கலாய்கும். குலோப் வழியாக வரும் தெற்குச் சாலை ஷம்சித்தின் ஷோகினைத் தொட்டுக்கொண்டு வருகிறது. குறி சீனர்கள்தான், சைக்கிள்காரர்கள் அல்ல என்று வாதிடலாம். எனக்கு அந்த வாதம் போதவில்லை. ஆற்றோரம் கூடாரம் போட்டுத் தூங்கும் மூன்று பேர் யார் என்று அந்தக் கரையிலிருந்து பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்?

இதனால்தான் திட்டத்தைத் திருப்பச் சொல்கிறேன். துஷான்பேயில் தொடங்கினால், உங்களுக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது, மொழியும் பழகியிருக்காது, அந்த நிலையில் முதல் வாரமே எல்லை ஓரச் சாலையில் இருப்பீர்கள். ஓஷில் தொடங்கினால் முதலில் வருவது கிழக்குப் பாமிர் பீடபூமி. ஆளரவம் குறைந்த இடம், கிர்கிஸ் மேய்ப்பர்கள் வாழும் இடம். அரசியல் மோதல் அங்கே அவ்வளவாக எட்டிப் பார்க்கவில்லை. அதைக் கடந்து கோரோக் வருவதற்குள் பல வீடுகளில் தங்கியிருப்பீர்கள், ஓட்டுநர்களோடு பேசியிருப்பீர்கள், எதிரே வரும் சைக்கிள்காரர்களிடம் கேட்டிருப்பீர்கள். கீழே சாலை எப்படி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பார்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓஷ் பக்கமிருந்து ஏறினால் உயரம் சட்டென்று வருகிறது. உங்களுக்கு மணாலி–லே அனுபவம் இருக்கிறது, பாரலாச்சா, தங்லங் எல்லாம் ஏறியிருக்கிறீர்கள். தங்லங் லா 5,300 மீட்டரைத் தாண்டும், பாமிரின் உச்சியான அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர்தான். அதைப் பார்த்து, இது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. லடாக்கில் கணவாயைத் தாண்டினால் பெரும்பாலும் கீழே இறங்கிவிடலாம். இரவு தங்க டாபா உண்டு, ராணுவ முகாம் உண்டு, கை காட்டினால் நிற்கும் லாரிகள் நிறைய உண்டு. பாமிரில், கிர்கிஸ்-தஜிக் எல்லையில் உள்ள கிஸில்-ஆர்ட் கணவாயில் (4,280 மீட்டர்) ஏறினீர்கள் என்றால், அதற்குப்பின் 300 கிலோமீட்டருக்கும் மேல் 3,500 மீட்டருக்குக் கீழே இறங்கவே இடம் கிடையாது. தலைவலி முற்றி, நடை தள்ளாடி, மூச்சு இரைக்க ஆரம்பித்தால் ஒரே மருந்து கீழே இறங்குவது, ஆனால் அங்கே இறங்க வழியில்லை. நேபாளத்தில் போலக் கூப்பிட்டால் ஹெலிகாப்டர் வரும் ஏற்பாடும் இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான மருத்துவமனை கோரோக்கில்தான், அங்கே ஆகா கான் அமைப்பு கட்டிய மருத்துவ மையம் இருக்கிறது. பீடபூமியின் முக்கிய ஊரான முர்காப்பிலிருந்து அது சுமார் 300 கிலோமீட்டர்.

எனவே ஓஷிலிருந்து சாரி-தாஷ் (சுமார் 3,170 மீட்டர்) வந்ததும் அவசரப்படாதீர்கள். அங்கிருந்து மேற்கே சாரி-மோகோல் போய், லெனின் சிகரத்தின் அடிவாரத்தில் துல்பார்-குல் ஏரிக்கரையில் 3,500 மீட்டரில் ஓரிரு இரவு தங்குங்கள். மிக அழகான இடம், உடம்பும் பழகிக்கொள்ளும். 3,000 மீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தைக் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் சும்மா இருங்கள். மருத்துவரைப் பார்த்து, மலை நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூவரில் யாருக்கு முதலில் தலை வலித்தாலும் மற்ற இருவரும் நின்றாக வேண்டும் என்று கிளம்பும் முன்பே பேசிவையுங்கள். இளவயதுக்காரர்களுக்கு உடம்பு நன்றாக இருப்பதாலேயே வேகம் அதிகம், வேகம் அதிகம் என்பதாலேயே மலை நோயும் எளிதில் வரும். மோதலில் மாட்டுவதைவிட இதில் மாட்டும் வாய்ப்புதான் உங்களுக்கு அதிகம். வயிற்றுப்போக்கில் படுப்பதற்கு இன்னும் அதிக வாய்ப்பு. ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்காதீர்கள், மேய்ச்சல் நிலத்திலிருந்து வரும் தண்ணீர் அது.

இன்னொரு சிக்கல் எல்லைச் சாவடி. கிர்கிஸ்தானும் தஜிகிஸ்தானும் 2021 ஏப்ரலிலும் 2022 செப்டம்பரிலும் பத்கென் பக்கம் சண்டையிட்டன. 2021-இலிருந்து எல்லை மூடிக் கிடந்தது. 2025 மார்ச் 13 அன்று இரு அதிபர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபின் சாவடிகள் திறக்க ஆரம்பித்தன. கிஸில்-ஆர்ட் சாவடி நீங்கள் போகும் மாதத்தில் சைக்கிளுக்குத் திறந்திருக்குமா, முன்அனுமதி வேண்டுமா என்பதை ஓஷில் உள்ள விருந்தினர் விடுதிகளில் கேட்டால் அன்றைய நிலையைச் சொல்லிவிடுவார்கள். இரு நாட்டுச் சாவடிகளுக்கும் நடுவே சுமார் 20 கிலோமீட்டர் யாருக்கும் சொந்தமில்லாத நிலம், சாலையும் மோசம். ஒரு பக்கம் முத்திரை குத்தி மறுபக்கம் திருப்பி அனுப்பினால் அந்தக் குளிரில் மாட்டிக்கொள்வீர்கள். கிர்கிஸ்தானுக்கு மீண்டும் நுழைய உதவும் விசா கையில் இருக்கட்டும்.

தஜிகிஸ்தானுக்கு மின் விசா போடும்போதே கோர்னோ-பதக்‌ஷான் அனுமதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அது இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. இந்த அனுமதியை வெறும் காகிதமாகப் பார்க்காதீர்கள். அங்கே பதற்றம் வரும்போது அரசு முதலில் செய்வது அதை நிறுத்திவைப்பது. திடீரென்று அனுமதி தருவதை நிறுத்தினால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். அடுத்த அறிகுறி, இணையம் போவது. கோரோக்கில் இணையம் ஒரு நாள் முழுக்க எல்லோருக்கும் இல்லை என்றால், காரணம் தெரியும்வரை வீட்டைவிட்டு வெளியே போகாதீர்கள், படம் எடுக்காதீர்கள், கூட்டம் கூடும் இடத்துக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள்.

கண்ணிவெடி பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்நாட்டுப் போரின்போதும் எல்லைக் காவலுக்காகவும் புதைத்தவை இன்னும் எல்லாம் எடுக்கப்படவில்லை, குறிப்பாக பாஞ்ச் ஆற்றங்கரையில். சாலைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள நிலத்தில் கூடாரம் போடாதீர்கள், ஒதுங்கவும் போகாதீர்கள். ஊருக்குள், கேட்டுவிட்டு, யாராவது வீட்டு முற்றத்தில் போடுங்கள்.

அந்த வீடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. பாமிரில் வழிப்போக்கனை வாசலில் நிற்க வைக்க மாட்டார்கள். ஐந்து தூண்கள் நடுவே கம்பளம் விரித்து உட்காரவைத்து, ஷிர்-சாய் கொடுப்பார்கள். பால், உப்பு, வெண்ணெய் போட்ட தேநீர், அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவது. நான் பசியோடு போன ஒரு சாயங்காலம் அதைப் போல ருசித்த ஒன்றும் இல்லை. காசு வேண்டாம் என்பார்கள். கொடுத்துவிட்டு வாருங்கள், வற்புறுத்திக் கொடுங்கள். ஆண்கள் பலர் ரஷ்யாவில் கூலி வேலைக்குப் போயிருக்கும் வீடுகள் அவை, மாவு மூட்டை தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும். சைக்கிளில் வரும் வெளிநாட்டு இளைஞர்கள் "குறைந்த செலவில் உலகம் சுற்றுகிறோம்" என்று பெருமையாக எழுதும்போது, அந்தக் குறைந்த செலவின் ஒரு பங்கை யாரோ ஓர் அம்மா தன் அடுப்பிலிருந்து கொடுத்திருக்கிறார் என்பது எனக்கு உறுத்தும்.

அந்த வீட்டில் உட்கார்ந்து 2022-இல் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஆர்வம் இருக்கும், அது நியாயமான ஆர்வம்தான். ஆனால் நீங்கள் மறுநாள் கிளம்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஆண்டு உல்ஃபத்கோனிம் மமத்ஷோயேவா என்ற பத்திரிகையாளருக்கு 21 ஆண்டுச் சிறை விதித்தார்கள், அப்போது அவருக்கு 60 வயதைத் தாண்டிவிட்டது. அவரைப் போலவே வழக்கறிஞர்கள், சமூக ஆர்வலர்கள் பலர் நீண்ட தண்டனையில் இருக்கிறார்கள். வெளிநாட்டவரோடு என்ன பேசினாய் என்ற விசாரணை யாருக்கும் வரக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டதைப் பெயரோடும் ஊரோடும் முகத்தோடும் வலையேற்றாதீர்கள். உங்களில் யாராவது காணொளி எடுத்துப் போடும் பழக்கம் உள்ளவர் என்றால் இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். நாட்டைவிட்டு வெளியேறும்வரை நீங்கள் இருக்கும் இடத்தையும் உடனுக்குடன் போடாதீர்கள், இது உங்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான். சோதனைச் சாவடி, சிப்பாய், பாலம், எல்லை வேலி எதையும் படம் எடுக்க வேண்டாம்.

தகவல் தொடர்புக்கு, பீடபூமியில் கைபேசி பல நாள் எடுக்காது. மேலை நாட்டுப் பயணிகள் செயற்கைக்கோள் செய்திக் கருவி வைத்திருப்பார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. ஆகவே ஊரிலிருந்து வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு ஏற்பாடு: வீட்டில் ஒருவரிடம் நாள்வாரியான வழித்தடத்தைக் கொடுங்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊர்வரை செய்தி வராது, எத்தனை நாள் தாண்டினால் கவலைப்படலாம், அப்போது துஷான்பேயில் உள்ள இந்தியத் தூதரகத்தை எப்படித் தொடர்புகொள்வது என்று எழுதிக் கொடுங்கள். சாரி-தாஷ், முர்காப், கோரோக் மூன்றிலும் செய்தி அனுப்புவது கட்டாயம். அப்பா அம்மாவிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைவிட இந்தத் தாளைக் காட்டிப் பேசினால் அவர்களுக்கு நம்பிக்கை வரும். காப்பீட்டுப் பத்திரத்தையும் அவர்களோடு உட்கார்ந்தே படியுங்கள். எத்தனை மீட்டர் உயரம்வரை செல்லும், சைக்கிள் பயணம் சேருமா, போர், பயங்கரவாதம் ஆகியவற்றைத் தள்ளிவைத்திருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். பெரும்பாலான பத்திரங்களில் இந்த மூன்றில் ஒன்றாவது இடிக்கும்.

சரி, கோரோக் வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆற்றோரச் சாலை அமைதியாக இருக்கிறது, கடந்த வாரம் வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள், தங்கும் வீட்டுக்காரரும் போகலாம் என்கிறார் என்றால் பகலில் மட்டும் ஓட்டி, இரவு ஊருக்குள் தங்கி, கலாய்கும் வரை வாருங்கள். அங்கிருந்து தங்காரா வழியான தெற்குச் சாலையைவிட, கபுரபோத் கணவாய் (3,252 மீட்டர்) வழியான பழைய வடக்குச் சாலையை எடுப்பேன். கரடுமுரடு, ஆனால் எல்லையை விட்டு விலகிவிடும். வண்டிப் போக்குவரத்தும் குறைவு. அந்தப் பக்கம் மழையில் சாலை அடித்துக்கொண்டு போவது உண்டு, அதனால் கலாய்குமில் விசாரியுங்கள்.

உங்கள் மூவரில் ஒருவர் தயங்கினாலும், கோரோக்கிலிருந்து பகிர்வு ஜீப்பில் சைக்கிளைக் கூரையில் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் துஷான்பே போய்விடுங்கள். ஜீப் போவதும் அதே ஆற்றோரம்தான், ஆனால் வாரக்கணக்கு ஒரு நாளாகச் சுருங்கிவிடும், இரவு அங்கே தூங்க வேண்டியதில்லை. செய்தி மிக மோசம் என்றால் வந்த வழியே முர்காப்புக்கு ஏறி ஓஷுக்குத் திரும்புங்கள். அதற்காகத்தான் இரண்டு நாட்டு விசாவிலும் நாள்கள் மிச்சம் இருக்க வேண்டும், விமானச் சீட்டும் தேதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். தேதி மாற்ற முடியாத சீட்டு ஒன்று கையில் இருந்தால், போகக் கூடாத சாலையில் போகச் சொல்லி அதுவே உங்களைத் தள்ளும். விடுப்பு நான்கு வாரம்தான் என்றால் துஷான்பேயை மறந்துவிட்டு, ஓஷ் முதல் கோரோக் வரையிலான சுமார் 730 கிலோமீட்டரை மட்டும் நிதானமாக ஓட்டுங்கள். பாமிர் என்று மனத்தில் நீங்கள் வைத்திருக்கும் எல்லாம் அந்தப் பகுதியிலேயே இருக்கிறது.

இப்போதிலிருந்து ஜூலைக்குள் செய்ய வேண்டிய ஒன்று, மூவரும் ரஷ்ய எழுத்துகளையும் எண்களையும் ஒரு நூறு சொற்களையும் கற்றுக்கொள்ளுங்கள். கிர்கிஸ் மேய்ப்பரிடமும் பாமிரி ஆசிரியையிடமும் சாவடிச் சிப்பாயிடமும் அந்த ஒரு மொழி ஓடும். "மேலே சாலை எப்படி?", "இங்கே கூடாரம் போடலாமா?", "இவனுக்கு உடம்பு சரியில்லை" என்ற மூன்றையும் தாளைப் பார்க்காமல் சொல்ல வர வேண்டும். விசா விண்ணப்பம் போடும் முன் வழித்தடத்தை எழுதி அனுப்புங்கள், ஒவ்வொரு இரவும் எந்த உயரத்தில் என்று குறித்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.